மதகு திறக்கும்போது யாருக்குச் சொல்ல வேண்டும்? சென்னையின் பேரிடர்த் திட்டம் இயங்கும் விதம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைவாசிகளின் காதில் சில செய்திகள் ஓயாமல் விழும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு இத்தனை கனஅடி உபரிநீர் திறப்பு, நான்கு மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, மண்டலங்களுக்குக் கண்காணிப்பு அலுவலர்கள் நியமனம், அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வருகை. 2025ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ‘நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம்’ என்ற புதுப் பெயரும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. தனித்தனிச் செய்திகளாகக் காதில் விழும் இவை எல்லாம் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள்.

பேரிடர்த் திட்டம் என்றதும் படகு, மோட்டார் பம்பு, நிவாரண முகாம் ஆகியவற்றின் எண்ணிக்கைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கணக்கும் திட்டத்தில் உண்டு என்றாலும் அதன் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. எந்த அளவைத் தொட்டால், எந்த அலுவலர், மேலிடத்தைக் கேட்காமலேயே என்ன செய்யலாம், செய்த உடனே யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை மழைக்கு முன்பே எழுதி வைப்பதுதான் அது. சென்னையின் அனுபவத்தைப் பார்த்தால், பொருள் போதாமல் நேர்ந்த இழப்பைவிட, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் செய்தி கைமாறும் இடத்தில் நேர்ந்த இழப்பே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரிடர் என்று எதைச் சொல்கிறோம்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பாதிக்கப்பட்ட பகுதியின் மக்கள் தம் சக்தியால் சமாளிக்க இயலாத அளவுக்கு உயிரும் உடைமையும் சுற்றுச்சூழலும் சேதமடையும் நிகழ்வையே பேரிடர் என்கிறது. ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அது வார்டுப் பொறியாளர் கவனிக்க வேண்டிய வேலை. நூறு தெருக்களில் ஒரே இரவில் நின்று, அவற்றுக்குப் போகும் வழியும் மூழ்கி, மின்சாரமும் தொலைபேசியும் போய்விட்டால் அது பேரிடர்.

அளவை ஒரு கணக்கால் உணரலாம். பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, அதாவது ஏறக்குறைய 10.3 கோடி கன மீட்டர். மாநகராட்சிப் பரப்பு முழுவதும் 24 செ.மீ. மழை பெய்தால் விழும் நீரும் ஏறத்தாழ அதே அளவுதான். ஒரு நாளில் 24 செ.மீ. என்றால், ஒரு முழு செம்பரம்பாக்கத்தைத் தூக்கி நகரத்தின் தலையில் கவிழ்த்ததற்குச் சமம். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. இந்த அளவு நீரை மழைநீர் வடிகால்கள் அன்றைக்கே கடலில் சேர்த்துவிடும் என்று எந்தத் திட்டமும் கருத முடியாது. ஆகவே, எந்தப் பகுதி மூழ்கும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அங்குள்ள மனிதர்களை எப்போது, எப்படி வெளியே கொண்டுவருவது என்பதிலிருந்துதான் நேர்மையான திட்டம் தொடங்க முடியும்.

அதிகாரம் யார் கையில்

சட்டப்படி தேசிய, மாநில, மாவட்ட அளவில் மூன்று ஆணையங்கள் உள்ளன. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். வாகனத்தையும் கட்டடத்தையும் கையகப்படுத்துவது, போக்குவரத்தை நிறுத்துவது, அவசரத் தேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோராமல் பொருள் வாங்குவது ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாநில அளவில் இந்தப் பணியை வருவாய்த் துறை நடத்துகிறது. சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையம் அதன் நரம்பு மையம்.

மாவட்டத்தை அலகாகக் கொண்ட இந்த அமைப்பு கிராமப்புறத்துக்குப் பொருந்தும். சென்னைக்கு அது இடித்தது. மாநகராட்சியின் எல்லை 2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, சென்னை மாவட்டத்தின் எல்லை பழைய 178 சதுர கிலோமீட்டரிலேயே நின்றது. 2015 வெள்ளத்தின்போது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சிக்குள் இருந்தன, ஆனால் காஞ்சிபுரம் ஆட்சியரின் கீழ் இருந்தன. குப்பையையும் வடிகாலையும் மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை பார்க்க, பேரிடருக்குரிய சட்ட அதிகாரம் காஞ்சிபுரத்தில் இருந்தது. 2018இல்தான் இரண்டு எல்லைகளும் ஒன்றாக்கப்பட்டன.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இதில் இன்னொரு படி போகிறது. மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள நகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வகை செய்கிறது. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். நகரத்துக்கான திட்டத்தை நகரமே எழுத வேண்டும் என்ற அளவில் இது சரியான திருத்தம். ஆனால் வெள்ளத்துக்கு மாநகராட்சி எல்லை தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரி இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்து, பிறகே சென்னைக்குள் நுழைகிறது. தாம்பரமும் ஆவடியும் இப்போது தனித்தனி மாநகராட்சிகள். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆணையத்தை வைத்துக்கொண்டால், ஆற்றுக்கு ஆணையம் எது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

எச்சரிக்கை நிறங்களைப் பற்றிய பொதுவான தவறான எண்ணம், அவை மழையின் அளவைக் குறிக்கின்றன என்பது. மழை அளவுக்கு வானிலை ஆய்வு மையம் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. நிறம் என்பது அரசு எந்திரத்துக்குச் சொல்லும் செயல் குறிப்பு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

இந்தக் குறிப்பு ஒவ்வொரு துறையிலும் எழுதப்பட்ட வேலைப் பட்டியலாக மாறினால்தான் அதற்குப் பயன். ஆரஞ்சு வந்ததும் சுரங்கப்பாதைகளில் பம்புகளை இயக்கிப் பார்ப்பது, மீனவர்களிடமிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றித் தாழ்வான பகுதிகளுக்கு அருகே கொண்டுபோய் வைப்பது, பள்ளிகளின் சாவியை வார்டு அலுவலரிடம் வாங்கி வைப்பது என்று அது இறங்கி வர வேண்டும். சாவி விஷயம் சில்லறையாகத் தோன்றலாம். நள்ளிரவில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கும் ஐம்பது குடும்பங்களுக்கு அது சில்லறை இல்லை.

எச்சரிக்கை இரண்டு பக்கமும் தவறக்கூடும். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வேளச்சேரி மக்கள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே நகர, எதிர்பார்த்த மழை வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. முதல் வகைத் தவறு ஒரு நாள் வருமானத்தைக் கெடுக்கும், இரண்டாவது உயிரை வாங்கும். எனவே திட்டம் முதல் வகைத் தவறின் பக்கம் சாய்ந்திருப்பதே சரி. மேம்பாலத்துக் கார்களைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அன்று நகரத்தில் தன் திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றியவர்கள் அந்த வேளச்சேரிக்காரர்கள்தான்.

மதகும் கடிகாரமும்

இதுவரை சொன்னவை எல்லாம் கூடும் இடம் செம்பரம்பாக்கம் மதகு. கனஅடி என்று செய்தியில் சொல்லப்படுவது வினாடிக்கு வெளியேறும் நீரின் அளவு. ஒரு கனஅடி ஏறக்குறைய 28.3 லிட்டர். 2015 டிசம்பர் 1 அன்று திறப்பு 29,000 கனஅடியை எட்டியது. வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல்.

பொறியாளர் எந்த நெருக்கடியில் முடிவெடுக்கிறார் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஏரி நிரம்ப இன்னும் 300 மில்லியன் கனஅடிக்கு இடம் இருக்கிறது, வரத்து 29,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம்.

1. மதகைத் திறக்காவிட்டால் ஏரி மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதன் பிறகு வருவதை எல்லாம் அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை, இல்லையென்றால் கரைக்கே ஆபத்து.
2. உடனே 10,000 கனஅடி திறந்தால் அந்த நேரம் ஏறக்குறைய நான்கு மணி இருபது நிமிடமாக நீளும்.
3. முந்தைய நாள் முழுவதும் 5,000 கனஅடி வீதம் வெளியேற்றியிருந்தால் கூடுதலாக 432 மில்லியன் கனஅடிக்கு இடம் கிடைத்திருக்கும். அப்போது மதகைத் திறக்காமலேயே ஏழு மணி நேரம் கையில் இருக்கும்.

ஆற்றோரக் குடும்பம் ஒன்றைப் பொறுத்தவரை மூன்று மணி நேரத்துக்கும் ஏழு மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, கட்டிலின் மேல் ஏறி நிற்பதா, ரேஷன் அட்டையையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வெளியேறுவதா என்பதுதான்.

அப்படியானால் முன்கூட்டியே திறந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். செம்பரம்பாக்கம் வெள்ளம் தடுக்கக் கட்டிய அணை இல்லை, சென்னையின் குடிநீர் ஏரி. 2019 கோடையில் அது வறண்டு நிலம் வெடித்துக் கிடந்ததையும் இதே நகரம் பார்த்தது. நவம்பரில் திறந்துவிட்ட நீர் ஜூனில் திரும்ப வராது. பெய்யாத மழையை நம்பி ஏரியைக் காலி செய்தவர் என்ற பழியை ஒரு தனி அலுவலர் சுமக்கத் தயங்குவது இயல்பு. அதனால்தான், எந்த மாதத்தில் எத்தனை அடி வரை நிறுத்தலாம், எந்த முன்னறிவிப்பு வந்தால் எவ்வளவு திறக்கலாம் என்ற இயக்க விதி எழுத்தில் இருக்க வேண்டும். விதி இருந்தால் பொறியாளர் விதியைப் பின்பற்றியவர் ஆகிறார். விதி இல்லையென்றால் கோப்பு மேலே போகும், கடிகாரம் ஓடும்.

2015 வெள்ளத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதை மனிதர் ஏற்படுத்திய பேரிடர் என்று குறிப்பிட்டது. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அன்று அடையாற்றில்தான் சேர்ந்தது என்பதால், எல்லாப் பழியையும் ஒரே மதகின் மேல் போடுவது பொருந்தாது. ஆயினும் பாடம் உறைத்தது. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, 24 அடி உயரமுள்ள ஏரியில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்ட உடனேயே நண்பகலில் 1,000 கனஅடி திறந்தார்கள். இரவுக்குள் அது படிப்படியாக 9,000 ஆனது. பகலில், சிறிதாக, முன்னறிவிப்புடன் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டு இடைவெளியில் மாறியது மதகு அல்ல, முடிவெடுக்கும் முறை.

கட்டளை ஒரே கையில்

1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தனர், எழுநூறு கட்டடங்கள் அழிந்தன. தீயணைக்க வந்த படைகளிடம் ஆளும் வண்டியும் இருந்தன. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு படையும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது, வானொலி அலைவரிசைகள் வேறுவேறு, யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பது தெளிவில்லை. அதிலிருந்து பிறந்த நிர்வாக முறையை இந்தியச் சூழலுக்கு மாற்றி, 2010இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டு நெறியாக வெளியிட்டது. அதன் சாரம் இவ்வளவுதான்:

1. களத்தில் தலைமை அலுவலர் ஒருவரே. எந்தத் துறையிலிருந்து வந்தவரானாலும் அங்கே அவருக்குக் கீழ்ப்பட்டவர்.
2. அவருக்குக் கீழ் மூன்று பிரிவுகள். மீட்பு வேலையைச் செய்வது ஒன்று, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தை எண்ணித் திட்டமிடுவது ஒன்று, சாப்பாடு, டீசல், வண்டி, கயிறு ஆகியவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று.
3. ஒருவருக்குக் கீழே நேரடியாக ஏறக்குறைய ஐந்து பேர். ஏழு பேரைத் தாண்டினால் பிரிக்க வேண்டும்.
4. பத்திரிகையாளர்களிடம் பேசுவதற்கு ஓர் அலுவலர், மற்றவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் மழைக்காலத்தில் மாநகராட்சியின் மண்டலங்களுக்கு இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களைக் கண்காணிப்பு அலுவலர்களாக நியமிப்பது இந்த முதல் விதியின் உள்ளூர் வடிவம். மாநகராட்சிப் பொறியாளர், குடிநீர் வாரியம், மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை என்று ஐந்து வீட்டு வாசலை ஏற வேண்டிய வேலையை ஒருவர் ஒரே தொலைபேசியில் முடிக்க வேண்டும் என்பது நோக்கம். மண்டலத்தின் சந்துபொந்துகள் தெரியாத ஒருவர் அக்டோபரில் வந்து இறங்கினால் நோக்கம் பாதிதான் நிறைவேறும். ஆண்டுதோறும் அதே அலுவலரை அதே மண்டலத்துக்கு அனுப்புவது செலவில்லாத சீர்திருத்தம்.

ஒன்று விழுந்தால் அடுத்தது

தாழ்வான பகுதியில் தெருவோர மின் பெட்டி மூழ்கினால் மின்கசிவால் உயிர் போகும் என்பதால், மின்வாரியம் அங்கே மின்சாரத்தை நிறுத்துகிறது. அது சரியான முடிவு. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து செல்பேசிக் கோபுரம் பேட்டரியில் ஓடத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் அதுவும் நின்றால், மாடியில் சிக்கியவர் உதவி எண்ணை அழைக்க முடியாது. கழிவுநீர் இறைக்கும் நிலையம் நின்று, சாக்கடை வீட்டுக்குள் ஏறுகிறது. ஒரு துறையின் சரியான முடிவு அடுத்த மூன்று துறைகளின் நெருக்கடி ஆகிறது.

2015இல் அடையாற்றங்கரையில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் வெள்ளம் புகுந்து, மின்னாக்கிகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. மாற்று மின்சாரம் இருக்கிறதா என்பது வழக்கமான ஆய்வுப் படிவத்தின் கேள்வி. அது தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதுதான் வெள்ளக் கேள்வி. அன்று விமான நிலையமும் சில நாட்களுக்கு மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் எதிரே, அது மூழ்கினால் மாற்று எங்கே என்ற பத்தி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டும் போதுமான சான்று.

வார்டு அளவில்

தமிழ்நாட்டில் நீர் தேங்கும் இடங்களை ஆழத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறார்கள். ஐந்தடிக்கு மேல் நீர் நிற்கும் இடம் மிக அதிகப் பாதிப்புக்கு உரியது, மூன்று முதல் ஐந்தடி அதிகம், இரண்டு முதல் மூன்றடி நடுத்தரம், அதற்குக் கீழே குறைவு. எளிமையான இந்தப் பிரிவு உண்மையில் வாகனக் கணக்கு. இரண்டடி வரை டிராக்டர் போகும், ஐந்தடியில் படகு மட்டுமே போகும். ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளூரிலேயே முதல்நிலை மீட்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், பெண்களும் அதில் உண்டு. அரக்கோணத்தில் இருக்கும் படை வந்து சேரும் வரைக்குமான முதல் சில மணி நேரம் இவர்கள் கையில்தான்.

காணு நகர், சூளைப்பள்ளம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரை எச்சரிக்கைகளில் வரும் பெயர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையே. பெயர் தெரியும் என்றால் ஆளும் தெரிய வேண்டும். படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் எந்த வீட்டில் என்ற பட்டியல் அங்கன்வாடி ஊழியரின் தலைக்குள் இருக்கிறது, கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் இருப்பது அபூர்வம். வெளியேற மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. வீடு திருட்டுப் போகும், ஆட்டையும் நாயையும் முகாமில் சேர்க்க மாட்டார்கள், வெளியேறினால் இதைச் சாக்காக வைத்து நகரத்துக்கு வெளியே குடியமர்த்திவிடுவார்கள் என்ற அச்சங்களுக்கு அவரவர் அனுபவத்தில் காரணம் உண்டு. அவற்றுக்கு விடை சொல்லாத வெளியேற்றத் திட்டம் ஒலிபெருக்கியோடு நின்றுவிடும்.

மழை அல்லாத ஆபத்துகள்

வெள்ளத்தைப் போல முன்னறிவிப்பு தராதவை தொழிற்சாலை விபத்துகள். ஆலைக்கு உள்ளே நிறுவனம் திட்டம் வைத்திருக்க வேண்டும், வேலிக்கு வெளியே ஆட்சியர் வைத்திருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் விதிகள் பிரிக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் நெடி தாங்காமல் தெருவுக்கு ஓடி வந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்த நேரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் அல்ல. 2020இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான் மணலியில் அதே ரசாயனம் 697 டன் கிடப்பது பேசுபொருளாகி, அவசரமாக அகற்றப்பட்டது.

ஒத்திகையும் உதவி எண்களும்

ஒத்திகைகளில் பெரும்பாலானவை காட்சிக்காக நடக்கின்றன. கயிற்றில் இறங்குவார்கள், புகை வரும், படம் எடுப்பார்கள். கைமாறும் இடங்களைச் சோதிக்கும் ஒத்திகைக்கு ஒரு மேசையும் தொலைபேசியும் போதும். இரவு 11 மணிக்கு ஏரிப் பொறியாளர் ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் 10,000 கனஅடி’ என்று சொல்ல வேண்டும். அந்தச் செய்தி எத்தனை நிமிடத்தில், எத்தனை பேர் வழியாக, ஜாபர்கான்பேட்டையில் ஒரு கதவைத் தட்டும் கையைச் சென்றடைகிறது என்று எண்ண வேண்டும். திட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள தொலைபேசி எண்களில் எத்தனை, பணி மாறுதலில் போனவர்களுடையவை என்பது அன்று இரவே தெரிந்துவிடும்.

பொதுமக்கள் பக்கத்திலும் இதே எல்லைச் சிக்கல் இருக்கிறது. 1913 பெருநகர சென்னை மாநகராட்சியின் எண். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும், 1070 எழிலகத்தில் உள்ள மாநில மையத்துக்கும் போகும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. தாம்பரத்தில் குடியிருப்பவர் சென்னைக்காரர் என்றே தம்மைச் சொல்லிக்கொள்வார். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது அவர் 1913ஐ அழைத்தால், அது அவருடைய மாநகராட்சி இல்லை.